தினம் பத்துச் சொல்: இந்தக் கணக்கு எங்கே இடிக்கிறது?

கோடை விடுமுறை நெருங்கும்போது ஒரு வகை விளம்பரம் தவறாமல் தலைகாட்டும். தினம் பத்துச் சொல் கற்றுக்கொள்ளுங்கள், ஆண்டு முடிவில் 3,650 சொற்கள் உங்கள் கையில். ஆங்கிலப் பயிற்சி வகுப்பு, செல்பேசிச் செயலி, போட்டித் தேர்வுக் கையேடு என்று சரக்கு மாறினாலும் கணக்கு இதுதான். பத்தை 365ஆல் பெருக்க எல்லோருக்கும் தெரியும் என்பதால் சந்தேகப்பட ஒன்றுமில்லாததுபோலத் தோன்றும்.

வாங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், இரண்டாம் மாதம் வருவதற்குள் முதல் மாதத்துச் சொற்கள் காணாமல் போயிருக்கும். இன்னொரு பக்கம், எந்தப் பட்டியலையும் தொடாமல் கதைப்புத்தகமும் கிரிக்கெட் செய்தியுமாகப் படித்துத் திரிந்த பிள்ளை சரளமாக எழுதுகிறது. பெற்றோருக்குக் குழப்பம் வருவது இங்கேதான். பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைப்பதா, புத்தகத்தைக் கொடுத்து விட்டுவிடுவதா? இதற்குப் பதில் சொல்ல, சொல் என்றால் என்ன, அது தெரியும் என்றால் என்ன அர்த்தம், அது எப்படி மறக்கிறது என்று அடியிலிருந்து வர வேண்டும்.

முதலில், சொல் என்று எதை எண்ணுகிறோம்?

படி, படித்தான், படிக்கிறாள், படித்தவர்கள், படிப்பதற்காக, படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும். இவை ஆறு சொல்லா, ஒரு சொல்லா? அகராதியில் தேடினால் 'படி' மட்டும்தான் கிடைக்கும். மற்றவை அதன் வடிவங்கள். இப்படி ஓர் அடிச்சொல்லிலிருந்து வரும் வடிவங்களை எல்லாம் சேர்த்து ஒன்றாக எண்ணினால் அது ஒரு சொற்குடும்பம். ஆங்கில வினைக்கு நான்கைந்து வடிவம் இருக்கும். தமிழ் வினையில் விகுதியும் வேற்றுமையும் துணைவினையும் ஒட்டிக்கொண்டே போவதால் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் ஏறும். எனவே யாராவது 'இத்தனை ஆயிரம் சொல்' என்றால், வடிவத்தை எண்ணுகிறாரா, குடும்பத்தை எண்ணுகிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. விளம்பரங்கள் இதைச் சொல்வதே இல்லை.

சரி, எத்தனை குடும்பம் தெரிந்தால் போதும்? சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் அகராதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு. அத்தனையும் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது, இருக்கவும் தேவையில்லை. ஆங்கிலத்துக்கு ஒரு நல்ல மதிப்பீடு இருக்கிறது. நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் வெளியிட்டது அது. நாவலையும் செய்தித்தாளையும் யார் துணையும் இல்லாமல் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை. பேச்சைப் புரிந்துகொள்ள 6,000 முதல் 7,000. இந்த எண்ணை அப்படியே தமிழுக்குத் தூக்கிவர முடியாது. ஆனால் இதற்கு அடியில் உள்ள அமைப்பு எல்லா மொழிக்கும் பொது: கொஞ்சம் சொற்கள் ஓயாமல் வரும், மற்றவை எப்போதாவதுதான் எட்டிப்பார்க்கும்.

இந்த அமைப்பை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் மைக்கேல் வெஸ்ட். பிரிக்கப்படாத வங்காளத்தில், டாக்காவில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். பிள்ளைகளின் ஆங்கில வாசகங்களில் அரிய சொற்கள் மண்டிக் கிடப்பதைப் பார்த்து, அடிக்கடி வரும் சொற்களை முதலில் கொடுக்க வேண்டும் என்று புதுப் பாடநூல்கள் எழுதினார். 1953இல் அவர் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்குடும்பங்கள்தான். சாதாரண ஆங்கில உரைநடையில் ஐந்தில் நான்கு பங்கை அவை அடைத்துவிடுகின்றன.

இதிலிருந்து கிடைப்பது ஒரு நடைமுறை உண்மை. முதல் இரண்டாயிரம் சொல்லுக்குப் பட்டியல் நன்றாகவே வேலை செய்யும், ஏனென்றால் இன்று மனப்பாடம் செய்ததை நாளையே எங்காவது பார்ப்பீர்கள். அதற்கு மேல் போகப் போக, ஒரு சொல்லை மனப்பாடம் செய்துவிட்டு அதை மறுபடி சந்திக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 3,650 என்ற கணக்கு முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் ஒரே விலைக்கு எண்ணுகிறது. முதல் இடிப்பு இது.

தெரியும், தெரியாது: நடுவில் எத்தனை படி?

ஒரு சொல் தெரிந்திருப்பது விளக்கு எரிவதும் அணைவதும் போன்றது இல்லை. படிப்படியாக வரும்:

1. எங்கோ பார்த்த ஞாபகம் இருக்கும், அவ்வளவுதான்.
2. வாக்கியத்தில் வந்தால் குத்துமதிப்பாகப் புரியும்.
3. யாராவது கேட்டால் பொருள் சொல்ல வரும்.
4. எந்தச் சொல்லோடு சேரும் என்று தெரியும்.
5. எங்கே அதைச் சொல்லக் கூடாது என்பதும் தெரியும்.

இறந்தார், காலமானார், இயற்கை எய்தினார், மாண்டார், செத்தார். ஒருபொருள் குறித்த பல சொற்களின் பட்டியலில் இவை ஒரே வரியில் நிற்கும். ஆனால் தெருமுனைக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் 'செத்தார்' என்று எந்த அச்சகமும் போடாது. வீட்டில் வைத்த பொறியில் எலி 'இயற்கை எய்தியது' என்று ஒரு பிள்ளை எழுதினால் சிரிப்பு வரும். அந்தப் பிள்ளைக்குப் பொருள் தெரிந்திருக்கிறது, மூன்றாம் படி தாண்டவில்லை. பட்டியல் அந்தப் படிவரைதான் ஏற்றிவிடும்.

பள்ளித் தேர்வும் பெரும்பாலும் அங்கேதான் நிற்கிறது. 'பொருள் தருக', ஒரு மதிப்பெண். ஆசிரியர்களுக்கு இது தெரியாமல் இல்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாற்பது நிமிடத்தில் நான்காம் படியும் ஐந்தாம் படியும் நடக்காது. அந்த இரண்டு படிக்கும் வேண்டியது நிறைய நேரமும் நிறைய வாக்கியங்களும். இரண்டும் பள்ளிக்கு வெளியில்தான் தாராளமாகக் கிடைக்கின்றன.

தமிழ்ப் பிள்ளைக்கு இன்னொரு படியும் உண்டு. பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் தனித்தனியாக ஓடுவதை மொழியியலாளர்கள் இரட்டை வழக்கு என்பார்கள். வீட்டில் 'தண்ணி', பாடத்தில் 'நீர்', செய்தியில் 'நீர்மட்டம்', 'நீர்வரத்து', 'குடிநீர்'. பள்ளிக்கு வரும்வரை எழுத்துத் தமிழைக் காதால்கூடக் கேட்டிராத பிள்ளைக்கு முதல் வகுப்புப் பாடம் பாதி அயல்மொழிதான். சின்னப் பிள்ளைக்குக் கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே வாசித்துக் காட்டுவதன் பயன் இங்கே இருக்கிறது. நம் வழக்கத்துக்கு மாற்றிச் சொல்லிவிட்டால் கதை போய்ச் சேரும், எழுத்துத் தமிழ் போய்ச் சேராது. இரண்டையும் மாறி மாறிச் செய்யலாம்.

மறதியின் கணக்கு

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். பொருளே இல்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, சில நிமிடம், சில மணி, சில நாள் கழித்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தம்மையே சோதித்து எழுதியது. முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பங்கு போய்விடுகிறது. அப்புறம் இழப்பு மெதுவாகிறது. பொருளுள்ள சொல் இவ்வளவு வேகமாகப் போகாது என்றாலும் பாதை அதேதான்.

இதற்கு மருந்து, மறக்கப்போகும் நேரம் பார்த்து மறுபடி சந்திப்பது. சந்திப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடிவைத்துவிட்டு ஞாபகப்படுத்திப் பார்ப்பது வலுவானது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பத்தியை நான்கு தடவை வாசித்தார்கள். இன்னொரு சாரார் ஒரு தடவை வாசித்துவிட்டு மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு நினைவிருந்தது, வாசித்தவர்களுக்கு 40. தேர்வுக்கு முந்தின இரவு வாசித்தால் எல்லாம் வந்துவிட்டதுபோலத் தோன்றுவதற்கும், ஒரு வாரத்தில் காற்றாகப் போவதற்கும் காரணம் இந்த ஐந்து நிமிட வெற்றிதான்.

இதை வீட்டில் செய்ய ஒரு பழைய செருப்புப் பெட்டி போதும். ஜெர்மன் பத்திரிகையாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970களில் பரப்பிய முறை இது. பெட்டியில் ஐந்து அறை தடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் ஒரு சிறிய அட்டையில் எழுத வேண்டும். புதிய அட்டை முதல் அறையில். ஞாபகம் வந்தால் அடுத்த அறைக்கு ஏறும், வராவிட்டால் மறுபடி முதல் அறைக்கு இறங்கும். முதல் அறையைத் தினமும், இரண்டாம் அறையை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, கடைசி அறையை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். 2006இல் வந்த ஆங்கி என்ற இலவசச் செயலியும் இதே எண்ணத்தைத்தான் கணினிக்குள் வைத்திருக்கிறது. ஜப்பானிய மொழியில் அந்தப் பெயருக்கு மனப்பாடம் என்று அர்த்தம்.

இப்போது விளம்பரக் கணக்குக்கு வருவோம். ஒரு சொல் நிலைக்க ஆண்டுக்குள் ஏழு தடவை திரும்பப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், தினம் பத்துப் புதுச் சொல் என்பது சில மாதங்களில் தினம் எழுபது அட்டையாக நிற்கும். அட்டைக்கு அரை நிமிடம் என்றால் 35 நிமிடம், விடுமுறை நாளிலும், ஒருநாள் விடாமல். அதுவும் மூன்றாம் படிக்கு மட்டும். பெரும்பாலானோர் இரண்டாம் மாதம் கைவிடுவது சோம்பலால் இல்லை, யாரும் முன்கூட்டிச் சொல்லாத இந்தக் கடனால். தினம் மூன்று சொல் என்றால் இருபத்தொரு அட்டை, பத்து நிமிடம். அது ஓடும்.

அட்டையில் எழுதுவது பற்றி இரண்டு குறிப்பு:

1. ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என்று எழுத வேண்டாம். அந்தச் சொல்லைச் சந்தித்த வாக்கியத்தை எழுதி, சொல் இருந்த இடத்தில் வெறும் கோடு போட்டு விடுங்கள். நான்காம் படியும் சேர்ந்து வரும்.
2. எங்கோ அச்சான பட்டியலிலிருந்து எடுக்காமல், தானே படித்ததில் இடறிய சொல்லையே எடுக்க வேண்டும். இடறிய இடம் நினைவில் ஒட்டிக்கொண்டிருக்கும், சொல் அதைப் பிடித்துக்கொண்டு வரும்.

படித்தால் மட்டும் சொல் வருமா?

வரும், ஆனால் மெதுவாக. சும்மா படித்துக்கொண்டு போகும்போது எதிர்ப்படும் தெரியாத சொற்களில் எத்தனை மனத்தில் தங்குகின்றன என்று பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றை எல்லாம் தொகுத்துப் பார்த்த 1999ஆம் ஆண்டு ஆய்வொன்று, சராசரியாக நூற்றுக்குப் பதினைந்து என்றது. அதைவிடக் குறைவு, ஐந்துதான் என்ற மதிப்பீடும் உண்டு.

பதினைந்தோ ஐந்தோ, இரண்டுமே சொற்பமாகத் தெரிகின்றன. ஆனால் வாசிப்பின் பரப்பைப் பாருங்கள். தினம் 20 நிமிடம், நிமிடத்துக்கு 120 சொல் என்ற நிதான வேகம்: நாளைக்கு 2,400 சொல், ஆண்டுக்கு 8,76,000. அதில் நூற்றுக்கு இரண்டு தெரியாதவை என்றால் 17,520 சந்திப்புகள். ஐந்து விழுக்காடு தங்கினால் 876, பதினைந்து தங்கினால் 2,628. இது மனக்கணக்குதான், ஒரே சொல் பலமுறை எதிர்ப்படுவதை எல்லாம் இதில் கழிக்கவில்லை, பாதியாக்கிக்கொண்டாலும் சரி. மனப்பாடமே செய்யாமல், கதையின் போக்கில், வாக்கியத்தோடு வந்தவை இவை.

அந்த 'நூற்றுக்கு இரண்டு' சும்மா போட்ட எண் இல்லை. தெரிந்த சொல் 98 விழுக்காடு இருந்தால்தான் துணையில்லாமல் ஒரு நூலைப் புரிந்து படிக்க முடியும் என்பது நேஷன் எடுத்துக்கொண்ட அளவு; மேலே சொன்ன 8,000, 9,000 எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். 250 சொல் உள்ள பக்கத்தில் ஐந்து சொல் தெரியவில்லை என்றால் அது 98. பன்னிரண்டு பதின்மூன்று என்றால் 95, திணறல் தொடங்கும். இருபத்தைந்து தெரியவில்லை என்றால் படிப்பதே தண்டனை. பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும்போது சொல்லப்படும் ஐந்து விரல் கணக்கு இதோடு பொருந்திப்போகிறது: நடுவில் ஒரு பக்கத்தைத் திருப்பி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கு, பக்கம் முடிவதற்குள் கை முழுக்க மடங்கிவிட்டால் வேறு புத்தகம் எடு. படக்கதைப் புத்தகத்தில் பக்கத்துக்கு நாற்பது சொல்தான் இருக்கும், அங்கே இரண்டு விரலே அதிகம்.

'நல்ல' புத்தகம் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் கனமான வரலாற்று நாவலைக் கொடுத்துவிட்டு, படிக்க மாட்டேன் என்கிறான் என்று வருத்தப்படுபவர்கள் இந்த விரல் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இதற்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. சொல் அதிகம் தெரிந்தவனுக்கு வாசிப்பு எளிது, எளிதாக இருப்பதால் அதிகம் வாசிக்கிறான், அதனால் இன்னும் சொல் சேர்கிறது. தெரியாதவனுக்கு எல்லாம் தலைகீழ். கனடா உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் 1986இல் இதற்கு மத்தேயு விளைவு என்ற பெயரைப் பயன்படுத்தினார். உள்ளவனுக்கு இன்னும் கொடுக்கப்படும், இல்லாதவனிடம் உள்ளதும் எடுக்கப்படும் என்ற விவிலிய வரியிலிருந்து எடுத்தது. வீட்டில் புத்தகமே இல்லாத பிள்ளைக்கு இந்தச் சுழலை உடைக்கக் கிடைப்பது பெரும்பாலும் கிளை நூலகம் ஒன்றுதான். சென்னை மாகாணம் 1948இல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது, விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் முதல் சட்டம். இன்றும் சொத்து வரியோடு நூலக வரி கட்டிக்கொண்டிருக்கிறோம். காசு கொடுத்தாயிற்று, போய் எடுப்பதுதான் பாக்கி.

அப்படியானால் நிகண்டு படித்தவர்கள்?

மனப்பாடத்தைக் குறை சொன்னால் உடனே வரும் கேள்வி இது. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் நிகண்டை நெட்டுருப் போட்டுத்தானே புலவரானார்கள்?

நிகண்டு என்பது செய்யுளில் அமைந்த சொற்பொருள் நூல். இன்று கிடைப்பவற்றில் மிகப் பழையது திவாகரம். தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று பன்னிரண்டு தொகுதியாகப் பிரிந்திருக்கும். பின்னால் வந்த சூடாமணி நிகண்டு, விருத்தப்பாவில் ஓசையோடு இருந்ததால் பள்ளிகளில் பரவலாக ஓதப்பட்டது. இதை இன்றைய பட்டியலோடு ஒப்பிடும்போது மூன்று வேறுபாடு தெரிகிறது.

1. சொற்கள் தொடர்பில்லாமல் கிடக்கவில்லை. மரமெல்லாம் ஓரிடம், விலங்கெல்லாம் ஓரிடம். ஒன்று மற்றொன்றை இழுத்துவரும்.
2. எதுகையும் மோனையும் ஓசையும் மறதிக்கு அணை போட்டன. ஒரு சொல் விட்டுப்போனால் அடியே தட்டும்.
3. மனப்பாடத்தோடு நிற்கவில்லை. அதே சொற்கள் மறுவாரம் அந்தாதியிலும் புராணத்திலும் எதிரே வந்தன. நிகண்டு தயார்நிலை, செய்யுள் வாசிப்பு சந்திப்பு.

இதற்கு மேல், அன்று அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. நிகண்டில் ஒரு சொல்லைத் தேட முடியாது, அது எந்தப் பாட்டில் இருக்கிறது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை அகரவரிசையில் அமைத்தபோது தமிழில் சொல்லைத் தேடிப் பார்ப்பது எளிதாயிற்று. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் பல அகராதிகள் திறந்து கிடக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழக அகராதியையும் இணையத்தில் தேடலாம்.

தேடுவது இவ்வளவு எளிதானதில் ஒரு சின்னத் தொல்லை உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் செல்பேசியை எடுத்தால் கதை அறுந்துபோகும். முதல் தடவை பார்க்கும் சொல்லை ஊகித்துவிட்டுத் தாண்டிப் போவதும், மறுபடி வந்தால் துண்டுச் சீட்டில் பக்க எண்ணோடு குறித்துவைத்து, படித்து முடித்த பின் தேடுவதும் நல்ல நடுவழி.

பூம்பிஞ்சு, மூசு, தேரைக்காய்

பள்ளிக்கு உள்ளே பட்டியலாகச் சுருங்கிப்போவது வெளியே எப்படி விரிகிறது என்பதற்குக் கையருகிலேயே ஒரு சான்று உண்டு. தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் தேவநேயப் பாவாணரின் 'தமிழ்ச்சொல் வளம்' என்ற உரைநடைப் பாடம் வருகிறது. தாவரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் நிலைக்கும் தமிழில் உள்ள தனிச்சொற்களை அதில் அடுக்கியிருக்கிறார்.

புளிக்கும் வேம்புக்கும் இருப்பது இலை. நெல்லுக்கும் புல்லுக்கும் தாள். சோளத்துக்கும் கரும்புக்கும் தோகை. தென்னைக்கும் பனைக்கும் ஓலை. காய்ந்த இலை சருகு, காய்ந்த தாளும் தோகையும் சண்டு. பூவோடு கூடிய இளம்பிஞ்சு பூம்பிஞ்சு, மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னை, பனையின் இளம்பிஞ்சு குரும்பை. கெட்டுப்போனவற்றுக்கும் ஒரு வரிசை: நுனி சுருங்கிய காய் சூம்பல், சூட்டில் பழுத்த பிஞ்சு வெம்பல், பூச்சி அரித்தது சொத்தை, தேரை உட்கார்ந்து கெட்டது தேரைக்காய்.

தேர்வுக்கு இது ஒரு மதிப்பெண் வினாக்களின் சுரங்கம். 'வடு' என்றால் மாம்பிஞ்சு, எழுது, அடித்துக்கொள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளையின் வீட்டிலேயே மாவடு ஜாடி இருக்கலாம். 'சொத்தைப் பல்' என்று பல் மருத்துவரிடம் போய்வந்திருக்கலாம். 'வெம்பிப் பழுத்தது' என்று யாரையோ பாட்டி சொல்லக் கேட்டிருக்கலாம். இந்த மூன்றும் பாடத்தில் உள்ள சொற்களோடு ஒட்டிக்கொள்ளும் கணத்தில் சொல் மூன்றாம் படியிலிருந்து ஒரேயடியாக ஐந்துக்குத் தாவுகிறது. மூசும் கச்சலும் நகரத்தில் கேட்காது. ஊரில் வாழை போட்டிருப்பவரிடமோ, சந்தையில் பலா விற்பவரிடமோ கேட்டுப் பார்க்கலாம். அவர் வேறு சொல் சொல்லலாம். அதுவும் லாபம்தான், வட்டாரச் சொல் ஒன்று சேர்ந்தது. தேரை உட்கார்ந்து காய் கெடாது என்பது வேறு விஷயம். ஒரு பழைய நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள் படிந்து கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதே பிள்ளைக்கு வேடிக்கை.

இந்த மாதிரித் தேடலை வகுப்பறையில் நடத்த நேரம் கிடைக்காது. ஒரு விடுமுறை வாரத்துக்கு இதைவிட நல்ல வேலையும் கிடைக்காது: வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் ஒரு தொழில் பற்றிய சொற்களை மட்டும் கேட்டுத் தொகுப்பது. தறி, மீன்பிடி, தச்சு, சமையல், தையல், எதுவானாலும் சரி.

ஒரு வேர் பிடித்தால்

பட்டியல்காரர்கள் தொடாத இன்னொரு குறுக்குவழி தமிழுக்கு உண்டு. 'நில்' என்ற ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். நிலை, நிலைமை, நிலையம், நிலைப்பாடு, நிலுவை, நிறுத்து, நிறுத்தம், நிறுத்தற்குறி. கொடுக்கப்படாமல் நின்றுபோன பணம் நிலுவை என்று தெரிந்துவிட்டால் அதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 'செல்' இலிருந்து செலவு. சங்கப் பாடல்களில் செலவு என்றால் பயணம். காசு கையை விட்டுப் போவதும் ஒரு செல்லல்தானே. அறிவியல் சொற்களில் இந்த வசதி இன்னும் கூடுதல்: ஒளிச்சேர்க்கை, புவியீர்ப்பு, நுண்ணுயிரி ஆகியவை பிரித்தாலே பொருள் சொல்லும்.

எச்சரிக்கையும் தேவை. ஓசை ஒத்திருப்பதால் உறவு ஆகிவிடாது. ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றும் தமிழிலிருந்து போனது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்கள் பெரும்பாலும் இந்த ஓசை மயக்கத்தில் பிறந்தவை. சந்தேகம் வந்தால் நல்ல அகராதியில் பார்த்துவிட்டு நம்பலாம்.

காசு கொடுத்துப் படிக்க வைத்தால்?

புத்தகத்துக்கு இத்தனை ரூபாய், பத்துச் சொல்லுக்கு ஒரு சாக்லேட் என்று ஆசை காட்டும் வீடுகள் உண்டு. தொடக்கத்தில் பலன் தெரியும். பின்னால் நடப்பதை 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் மழலையர் பள்ளியில் சோதித்துப் பார்த்தார்கள். வண்ணப் பேனாவால் வரைவதில் ஏற்கனவே ஆசையுள்ள குழந்தைகள். ஒரு குழுவுக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்பே சொன்னார்கள். ஒரு குழுவுக்குச் சொல்லாமல் திடீரென்று கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து அதே பேனாக்களைச் சும்மா வைத்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்டதில் பாதி நேரம்தான் அதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை.

கவனிக்க வேண்டியது, அவர்கள் ஏற்கனவே ஆசைப்பட்டுச் செய்துகொண்டிருந்த வேலை அது. புத்தகத்தையே தொடாத பிள்ளைக்கு முதல் தள்ளு கொடுக்க ஒரு சின்னப் பரிசு உதவலாம். தானாகப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு விலை நிர்ணயிப்பதுதான் ஆபத்து. அங்கே பெற்றோர் கொடுக்க வேண்டியது தேர்வுச் சுதந்திரம்: எந்தப் புத்தகம், எப்போது, பிடிக்காவிட்டால் பாதியில் மூடிவைக்கலாமா. கடைசியாகச் சொன்னது பெரியவர்களுக்குக் கஷ்டம். வாங்கிய புத்தகம் வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். நூலகப் புத்தகம் என்றால் அந்த வலியும் இல்லை.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

தேதி குறித்த தேர்வு முன்னால் நிற்கும்போது ஓராண்டு வாசியுங்கள் என்று சொல்வது பயனில்லை. அங்கே பட்டியல் தேவைதான். அதை லைட்னர் பெட்டியில் போட்டு, பார்க்காமல் சொல்லிப் பார்த்து, தினம் அரை மணி நேரமாவது செய்தித்தாளின் தலையங்கத்தில் அதே சொற்களைத் தேடிப் பிடித்தால் ஓரளவு நிற்கும். தேர்வு முடிந்து மூன்று மாதத்தில் பாதி போகும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

வந்து சேர்ந்ததா என்று எப்படித் தெரியும்?

எண்ணிக்கை வைத்துப் பார்த்தால் மறுபடி விளம்பரக் கணக்கில் போய் விழுவோம். இதைவிட எளிய சோதனை ஒன்று இருக்கிறது. படிக்கும்போது பக்க எண்ணோடு குறித்த துண்டுச் சீட்டுகளைத் தேதி போட்டு ஓர் உறையில் வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் சொல்ல வருகிறதா என்று பாருங்கள். அகராதிப் பொருள் கேட்க வேண்டாம், வாக்கியம் போதும். வராதவை பெட்டியின் முதல் அறைக்குப் போகட்டும். சில சீட்டுகளைப் பார்த்து, இதை எதற்காகக் குறித்தோம், இது தெரிந்த சொல்தானே என்று பிள்ளை கேட்கும். அந்தச் சீட்டுகளைக் கிழித்துப் போட்டுவிடலாம்.